நேராகப் பார்த்து நின்றவர்கள்

அன்பு மகளுக்கு,

அடையாள அட்டைக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் அனுப்பச் சொல்லி நீ கேட்டு ஒரு வாரத்துக்கு மேலாகிறது. முதலில் கேட்டாய். பிறகு ஞாபகப்படுத்தினாய். நேற்று, "அத்தா, தூங்கிட்டீங்களா?" என்று எழுதி, கோபத்தில் சிவந்த ஒரு பொம்மை முகத்தையும் போட்டிருந்தாய். தூங்கவில்லையம்மா. படம் தயாராகத்தான் இருக்கிறது. நீ சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் நம் ஸ்டூடியோவில் நீலத் திரைக்கு முன்னால் உன்னை உட்கார வைத்து நானே எடுத்த படம். நிறம் சரிபார்த்து, அளவாக வெட்டி, கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். ஒரு பட்டனை அமுக்கினால் உன் அலுவலகத்துக்குப் போய்விடும். அந்த ஒரு பட்டனைத்தான் அமுக்க முடியவில்லை.

அட்டை கைக்கு வந்ததும் உன்னை வடக்கே அனுப்பப் போகிறார்களாமே, ஊரடங்கு போட்டிருக்கிற அந்தச் சுரங்க மாவட்டத்துக்கு. உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அங்கே படம் எடுக்கப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நானும் பேப்பர் படிக்கிறவன்தான். நீ மறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. உன் வயதில் நானும் எங்கே போகிறேன் என்று வீட்டில் சொன்னதில்லை. ஆனால் அந்தப் படத்தை அனுப்புவதற்கு முன்னால் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். போனில் பேசினால் "சரித்தா, சரித்தா" என்பாய். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். அச்சில் வந்தால் படித்துத்தானே ஆக வேண்டும்.

ஊரார் படிப்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் கோவில்பட்டியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு எல்லாம் எடுப்பேன். கூடவே ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரமாகப் படம் கொடுத்து வந்தேன். என் மகள் முழுநேரமாக அதே வேலைக்குப் போயிருக்கிறாள். இதில் வருகிற ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றிவிட்டேன். காரணம் போகப்போகத் தெரியும்.

நம் தொழிலில் எனக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு என்பது உனக்குத் தெரியும். ஒன்று, குரூப் போட்டோவில் யார் முகமும் மறையக் கூடாது. நெட்டையாட்களைப் பின்னால் தள்ளி, பிள்ளைகளை முன்னால் குத்தவைத்து, இடித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பிரித்து விட்டு, கடைசி ஆளின் மூக்கும் முழியும் தெளிவாகத் தெரிகிறவரை நான் பட்டனைத் தொட மாட்டேன். ஆல்பத்தில் தன் முகம் பாதிதான் தெரிகிறது என்று ஒரு சித்தப்பா சண்டைக்கு வந்தாலும் நம் வியாபாரத்துக்கு இழுக்கு. இரண்டாவது, பாஸ்போர்ட் படம் எதையும் நான் அழிப்பதில்லை. நீ பலமுறை திட்டியிருக்கிறாய், "கம்ப்யூட்டரே நிறைஞ்சு போச்சு, இதையெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க" என்று. நான் பதில் சொன்னதில்லை. ஒரு நாள் நீயே பார்த்தாய். கண் வீங்கிப்போய் ஒரு பெண் வந்து நின்றாள். வீட்டுக்காரரின் படம் வேறு எதுவும் நன்றாக இல்லை, ரேஷன் கார்டுக்கு இங்கேதான் எடுத்தார், பெரிதாக்கி, போஸ்டருக்குத் தர முடியுமா என்று கேட்டாள். தேடி எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி என்று அதே முகம். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன். உயிரோடிருக்கும்போது அரசாங்கத்துக்காக எடுத்துக்கொள்கிற படம்தான் நம் சனங்களுக்குக் கடைசியில் மிஞ்சுகிறது.

இனி அந்த ஊரைச் சொல்கிறேன். ஓட்டப்பிடாரம் பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டிய ஊர். மழை பெய்தால் உளுந்து, பருத்தி. பெய்யாவிட்டால் ஆடுதான் சோறு போடும். பாதி வீட்டுக் கல்யாணத்தை நான்தான் எடுத்திருக்கிறேன். அங்கே சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று வந்து, மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வேலி போட்டது. நிலம் போனதைக்கூட சனங்கள் வாய்க்குள்ளேயே திட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் ஆடுகள் கண்மாய்க்குத் தண்ணீருக்குப் போகிற பாதையும் வேலிக்குள் போய்விட்டது. மனுக் கொடுத்தார்கள். எத்தனை மனு என்று கேட்காதே. கடைசியில் ஒரு நாள் எல்லோருமாகப் போய் வேலிக்கு முன்னால் உட்காருவது என்று முடிவு செய்து, என்னையும் கூப்பிட்டார்கள்.

நான் போய் இறங்கியபோது எனக்குக் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகமே வந்துவிட்டது. ஆம்பிளைகள் வெள்ளை வேட்டி, பொம்பிளைகள் பொங்கலுக்கு எடுத்த சேலை, பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பூவைத்து. நம் பக்கத்துக் கிராமங்களில் போராட்டத்துக்குக் கிளம்பும் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம். வேறு எங்காவது இப்படி உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. பேப்பரில் நம் முகம் வந்துவிட்டால் கலெக்டர் பார்ப்பார், பார்த்துவிட்டால் கை வைக்க யோசிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. பேச்சியம்மாள் என்று ஒரு பொம்பிளை, அவள்தான் எல்லோரையும் கூட்டி வைத்தவள். கல்யாண வீட்டில் நாத்தனார் அதிகாரம் பண்ணுகிற மாதிரி அவளே எல்லோரையும் நிறுத்தினாள். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி துப்பட்டாவால் வாயை மூடியிருந்தாள். அதற்குப் பேச்சி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏட்டி, துணியை எடு. நாம என்ன களவாண்டுட்டா நிக்கோம், மூஞ்சியை மறைக்கதுக்கு? பாய் நேரா பாக்கச் சொல்லுதாவல்லா, பாரு!"

அந்த நேரம் பேச்சியின் புருஷன் சுடலைமுத்து ஆடுகளைப் பத்திக்கொண்டு அந்த வழியாக வந்தான். போராட்டம் கீராட்டம் எதிலும் சேராத ஆள். ஆட்டுக்கு எங்கே தழை, எங்கே தண்ணீர் என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. பேச்சி விடவில்லை. "இங்கன வந்து ஒரு நிமிசம் நில்லுங்க. ஊரே நிக்கி, நீங்க மட்டும் வராட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். அவன் வெட்கத்தோடு வந்து ஓரமாக நின்றான். தலைத்துண்டின் நிழல் கண் மேல் விழுந்தது. "சுடலை, துண்டை எடும்வே, முகம் இருட்டடிக்கி" என்றேன். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். எல்லோரும் நேராகப் பார்த்தார்கள். எடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த குரூப் போட்டோக்களில் அவ்வளவு சுத்தமான ஒன்று கிடையாது. ஒரு முகம்கூட மறையவில்லை, ஒரு கண்கூட மூடவில்லை. அதோடு சுடலை ஆடுகளைப் பத்திக்கொண்டு போய்விட்டான். பிறகு நடந்தது எதிலும் அவன் இல்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், நீ தெரிந்துவைத்திருக்கிற விதத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். சனங்கள் வேலிக்கு முன்னால் பாதையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் கலைந்து போகச் சொன்னது. இவர்கள் பாதையைக் கேட்டார்கள். கொஞ்ச நேரம் பேச்சு, பிறகு பேச்சில்லை. தடியை ஓங்கிக்கொண்டு வந்ததும் சனங்கள் பருத்திக் காட்டுக்குள் ஓடினார்கள். முதல் நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது. ஈரக் கரிசலில் யாரால் ஓட முடியும்? நாலு எட்டு வைப்பதற்குள் பாதத்தில் மண் அப்பி அப்பி ஒவ்வொரு காலும் அம்மிக்கல் கனம் கனத்துவிடும். ஓடியவர்கள் ஓடியபடியே நின்றுபோனார்கள். கணுக்கால் புதைந்து, ஒரு காலை இழுத்தால் மறுகால் இறங்க, அப்படியே நின்றபடி அடி வாங்கினார்கள். பூட்ஸ் போட்டவர்களுக்கும் அதே சேறுதான், ஆனால் அவர்களுக்கு ஓட வேண்டிய அவசியமில்லை. பேச்சி தலையைக் காக்கக் கையைத் தூக்கினாள். அந்தக் கையில் அடி விழுந்தது. அதை நான் எடுத்தேன். அடுத்தடுத்து எடுத்தேன்.

அத்தா அஞ்சாமல் நின்று எடுத்தார் என்று நீ உன் கல்லூரியில் சொல்லிக்கொண்டு திரிந்தாய். வேலைக்கான நேர்காணலிலும் அதைத்தான் சொன்னாயாம். இல்லையம்மா. என் செருப்பு இரண்டும் சேற்றில் மாட்டிக்கொண்டன. நான் ஓடத்தான் பார்த்தேன். முடியவில்லை. நின்ற இடத்தில் என்ன செய்வது? கை பழக்கத்துக்கு எடுத்தது. என் பக்கம் வந்ததும், "பிரஸ், பிரஸ்" என்று கத்தினேன். "பிரஸ்ஸா, எங்கே காட்டு" என்று ஒருவர் கேட்டார். பகுதிநேரக்காரனுக்கு எந்தப் பேப்பர் அட்டை கொடுத்தது? காட்ட ஒன்றுமில்லை. என் இடது கைச் சுண்டுவிரல் இன்றும் மடங்காது. சாப்பிடும்போது நீ பார்ப்பாய், பார்க்காத மாதிரி இருப்பாய். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் கேமராவில் எடுப்பது அப்போதைக்கப்போதே போனுக்கும் போகிற மாதிரி நீ ஒரு வசதி வைத்துக் கொடுத்திருந்தாய். போன் இடுப்புப் பையில் இருந்தது. படங்கள் அதனால் பிழைத்தன. பிழைத்து என்ன செய்தன என்றுதான் சொல்ல வருகிறேன்.

எல்லாவற்றையும் பேப்பருக்கு அனுப்பினேன். மறுநாள் குரூப் போட்டோ மட்டும் வந்தது. அதுவும் கலரில், அகலமாக. கீழே "மறியலில் ஈடுபட்டவர்கள்" என்று ஒரு வரி. அடித்த படம் ஒன்றுகூட இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "அண்ணாச்சி, படமெல்லாம் பிரமாதமா இருக்கு. ஆனா இன்னைக்கு இடமில்லை, நாளைக்குப் பாப்போம்" என்றார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை. அந்த ஊர்ச் சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டுப்போட்ட கையோடு பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்து, தங்கள் படம் வந்த பேப்பரை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். நம் கடைக்கும் வந்து, "பாய், எல்லார் மூஞ்சியும் தெளிவா விழுந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டார்கள்.

கேமராவைத் திருப்பித் தருகிறோம், வந்து வாங்கிக்கொள் என்று ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டார்கள். போனேன். மேஜை மேல் அதே பேப்பர். எங்கள் குரூப் போட்டோ. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். முன்வரிசையில் பேச்சி, வட்டம். துப்பட்டாவை எடு என்று பேச்சி அதட்டினாளே, அந்தப் பெண், வட்டம். ஓரத்தில் சுடலைமுத்து, வட்டம். அதிகாரி என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க பாய். ஒரு மூஞ்சி மறையலையே. எங்க ஆளுங்களுக்கும் இப்படி எடுக்கக் கத்துக் குடுங்க" என்றார்.

மகளே, நம் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே நான் மறக்க முடியாத பாராட்டு அதுதான். கேமராவைக் கொடுத்தார்கள். உள்ளே படம் பதிகிற மெமரி கார்டு இல்லை. கேட்டதற்கு, "வாங்கும்போதே இல்லை" என்றார்கள். எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு வாரத்துக்குள் வட்டம் போட்ட எல்லோரையும் வீடு வீடாகப் போய்த் தூக்கினார்கள். கல்லெறிந்தது, அதிகாரிகளைத் தாக்கியது, பொதுச் சொத்தைச் சேதம் செய்தது என்று வழக்கு. என் மேலும் ஒன்று, அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுத்தேனாம். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றவன் யாரைத் தடுத்தானோ. சுடலையைக் கண்மாய்க்கரையில் ஆட்டோடு பிடித்தார்கள். அவன், "நான் அங்கன இல்லவே இல்லையே, ஆடு மேய்ச்சிட்டு இருந்தேன்" என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். படத்தில் இருந்தான். அவன் முகத்தில் நிழல்கூட இல்லை.

அந்த நாளில்தான் போலீஸ் அடித்த படங்களை நீ எடுத்து இணையத்தில் போட்டாய். என்னைக் கேட்காமல் போட்டாய் என்று நான் கோபப்பட்டேன், ஞாபகமிருக்கிறதா? உண்மையில் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. எங்கெங்கோ இருந்தவர்கள் பகிர்ந்தார்கள். அழுகிற பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். வெளிநாட்டில் இருந்தெல்லாம் உன்னிடம் பேசினார்கள். நீ ராத்திரி பகல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் ஒரு நடிகருக்குக் கல்யாணம் வந்தது. எல்லோரும் அதற்குப் போய்விட்டார்கள். நம் கடைக் கண்ணாடியை யாரோ உடைத்ததுதான் மிச்சம். உன் அம்மா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே, "இதையும் போட்டோ எடுத்துப் போட வேண்டியதுதான, பாக்கட்டும்" என்றாள். நீ அழுதாய்.

கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது, இங்கேயாவது அந்தப் படங்களைக் காட்டிவிடலாம் என்று பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். என்னைக் கூப்பிட்டது அரசுத் தரப்பு என்பதே எனக்குப் போன பிறகுதான் விளங்கியது. வக்கீல் குரூப் போட்டோவை நீட்டினார். "இது நீங்க எடுத்த படமா?" என்றார். ஆமாம் என்றேன். "இதில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா?" இல்லை என்றேன். "இது அன்றைக்கு, அந்த ஊரில் எடுத்ததுதானே?" ஆமாம் என்றேன். பொய்யா சொல்ல முடியும்? அவ்வளவுதான், போகலாம் என்றார். நான் கையிலிருந்த கவரைக் காட்டி, வேறு படங்களும் இருக்கின்றன என்றேன். அசல் கார்டு எங்கே, சான்றிதழ் எங்கே, போனில் இருப்பதை எப்படி நம்புவது என்று கேள்விகள் வந்தன. பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். இன்று வரை தள்ளி வைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். சனங்கள் நேராக நின்று சிரித்த படம் உண்மை என்பதற்கு என் ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவர்கள் அடிபட்ட படம் உண்மை என்பதற்கு என் விரலும் போதவில்லை, பேச்சியின் கையும் போதவில்லை. வெளியே வந்தபோது பேச்சி வராந்தாவில் நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டீயளா பாய்?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுடலை ஜாமீனில் வருவதற்குள் ஆடுகள் போய்விட்டன. பார்க்க ஆளில்லாமல் கொஞ்சம் காணாமல் போனது, வக்கீலுக்காகக் கொஞ்சம் விற்றது. பேச்சியின் கை சரியாகக் கூடவில்லை, களையெடுக்க முடியாது. அவர்களுடைய மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் புதியம்புத்தூருக்குத் தையலுக்கு வேனில் போய் வருகிறாள். ஒரு நாள் சுடலை நம் கடைக்கு வந்தான். இளைத்துப் போய், சட்டையெல்லாம் ஒரு மாதிரி தொங்கிக்கொண்டு. "ஒரு பாஸ்போட்டு சைசு எடுக்கணும் பாய்" என்றான். எதற்கென்று கேட்டேன். சொல்லத் தயங்கினான். அந்தக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலையாம். அந்த வேலியைத்தான் காவல் காக்க வேண்டுமாம். கழுத்தில் மாட்டுகிற அட்டைக்குப் படம் கேட்கிறார்களாம். யார் ஆடும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஸ்டூலைக் காட்டினேன். உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சுடலை, நேரா பாரும்வே" என்றேன்.

"நேரா பாத்துத்தான பாய் போனேன்" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை இல்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். அவன் குனிந்தபடியே இருக்க, எடுத்து அனுப்பினேன். கம்பெனியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், கண் தெரியவில்லையாம். மறுபடி வந்தான். இந்த முறை நான் கேட்கவில்லை, அவனே நிமிர்ந்து பார்த்தான். எடுத்தேன். அன்றைக்கு அந்த வரிசையின் ஓரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்ற ஆள் அந்த முகத்தில் எங்கேயும் இல்லை.

போன தை மாதம் அந்த ஊரில் ஒரு கல்யாணம். என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள், அந்த மரியாதையை விடவில்லை. மேடையில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கேமராவைத் தூக்கியதும் ஒரு கிழவர் பக்கவாட்டில் திரும்பினார். ஒரு பொம்பிளை சேலைத் தலைப்பை மூக்கு வரை இழுத்தாள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் நேராகப் பார்த்தார்கள். சுற்றிலும் காதும் கொண்டையும்தான். எல்லோரையும் அதட்டி நிறுத்துகிற பேச்சி, கீழே நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்து வரவில்லை. அந்த ஆல்பத்தைக் கொடுத்த அன்றைக்கே நான் பேப்பருக்கு இனிமேல் படம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது அத்தா உனக்குப் புத்தி சொல்ல வேண்டும். அதற்குத்தானே கடிதம். நாடா வைத்துக் கட்டுகிற ஷூவாக வாங்கு, செருப்பு ஆகாது. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் மண் எப்படி என்று பார், ஓட முடியுமா என்று பார். எடுத்ததை எடுத்தவுடன் வெளியே அனுப்பிவிடு. கார்டைப் பிடுங்கினால் பிடுங்கிக்கொண்டோம் என்று எழுதி வாங்கு, தர மாட்டார்கள், ஆனாலும் கேள். தடி பிடித்த கையை எடுக்கும்போது சட்டையில் இருக்கிற பெயரும் விழுகிற மாதிரி எடு. சனங்கள் வரிசையாக நின்று, ஒரு போட்டோ எடுங்கள் என்று கேட்டால் எடுக்காதே. அவர்கள் கோபப்படுவார்கள், எங்கள் முகம் பேப்பரில் வர வேண்டாமா என்பார்கள். முதுகை எடுத்துக்கொண்டு போனால் உன் அலுவலகத்தில், முகம் இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள் என்று தூக்கிப் போடுவார்கள். முகத்தோடு போட்டாலோ அதை முதலில் பார்க்கிறவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். இதற்கு நடுவில் எப்படி எடுப்பது என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் எடுத்தவனுக்கு அது தெரியவில்லை என்பதைத்தான் நான் உனக்குக் கொடுக்க முடிகிறது. நீ எடுக்கிற படத்தால் எந்த வேலியாவது நகரும் என்று நம்பிப் போகாதே. நகராது. எடுக்காமல் விட்டாலும் போலீஸ் அடிக்கத்தான் போகிறது என்பதால் போகிறாய் என்றால், சரி, அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

உன் அம்மா சொல்கிறாள், படத்தை அனுப்பாமல் இழுத்தடித்தால் அவள் போகாமல் இருந்துவிடுவாளா, அங்கேயே ஏதாவது கடையில் எடுத்துக்கொள்வாள், இத்தனை நாளாக உங்கள் முகத்துக்காகத்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று. சரிதான். அட்டை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் என் விரலுக்குத் தெரியும். ஆகவே அனுப்பத்தான் வேண்டும்.

அன்றைக்கு நீ ஸ்டூலில் உட்கார்ந்ததும், "நேரா பாக்கணுமாத்தா?" என்று வேண்டுமென்றே கேட்டுச் சிரித்தாய். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராகப் பார்த்தாய். நான் வெகுநேரம் எடுக்காமல் நின்றேன். "என்னத்தா, கண்ணு வலிக்கி, சட்டுனு எடுங்க" என்று நீ அலுத்துக்கொண்டாய். கைநடுக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். கை நடுங்கவில்லை. நீ வாங்கிக் கொடுத்த புதுக் கேமராதான் காரணம். முகம் எங்கே இருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்து, முகத்தைச் சுற்றித் தானாக ஒரு கட்டம் போடும். நீ தலையை ஆட்டினால் கட்டமும் கூடவே ஆடும், விடாது. இத்தனை நாள் அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அன்றைக்கு உன் முகத்தைச் சுற்றி அது வந்து நின்றபோது நான் பயந்துவிட்டேன்.

சற்று முன்னால் உன் அலுவலகத்துக்குப் படத்தை அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததா என்றும் பார்த்துவிட்டேன். அதன் பிறகு, இத்தனை வருஷத்தில் யார் படத்துக்கும் செய்யாத ஒன்றை உன் படத்துக்குச் செய்தேன். நம் கம்ப்யூட்டரில் அது இப்போது இல்லை. அழித்துவிட்டேன். எதற்காக நான் பாஸ்போர்ட் படங்களை அழிக்காமல் எடுத்து வைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

உன் அத்தா